கட்டிலோரம் ஒரு துடுப்பு மெஷின்

போன வாரக் கதையில் நம்ம அச்சுக்காரரை மாடிப்படி நடுவில் உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டேன். முட்டி பூட்டிக்கொண்டு, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல், காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வாசகி போன் போட்டே என்னைத் திட்டினார். ஒரு வாரமாக அந்த மனுஷன் அங்கேயேவா இருக்கிறார், உங்களுக்கு ஈவிரக்கமே கிடையாதா என்று.

இல்லை அம்மா, எழுந்துவிட்டார். எதிர்வீட்டுக்காரர் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார். மறுநாளே மச்சான் வந்து பிசியோதெரபி பார்க்கிற அம்மாவிடம் கூட்டிப்போனான். அந்த அம்மா முட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு, சும்மா வைத்திருந்தால் இன்னும் இறுகிப்போகும், ஆனால் இப்போதைக்கு அதன் மேல் எடை விழக்கூடாது என்றார். நீச்சல் தெரியுமா என்று கேட்டார். தெரியாது. சைக்கிள் மெஷின்? இடுப்பு ஒத்துழைக்காது. அப்படியானால் ஒரு ரோயிங் மெஷின் வாங்கி வீட்டில் போடுங்கள் என்று சொல்லிவிட்டார். உட்கார்ந்த இடத்திலேயே காலை உதைத்து, கையை இழுத்து, படகு ஓட்டுகிற மாதிரி.

அச்சுக்காரர் வாழ்க்கையில் படகையே பார்த்ததில்லை. ஆனால் மெஷின் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆயுசு முழுக்க அச்சகத்தில் மெஷினோடு குடித்தனம் பண்ணினவர் இல்லையா.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மெஷின் பார்க்கப் போகிற நாள்.

காலையிலேயே டேப்பும் கையுமாக வீட்டை அளக்க ஆரம்பித்துவிட்டார். ஹாலில் போட்டால் வாசல் கதவு முழுசாகத் திறக்காது. அவர் அறையில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு ஆள் திரும்பத்தான் இடம். மிச்சம் இருந்தது மனைவியின் சின்ன அறை.

புருஷன் பெண்டாட்டிக்கு ஆளுக்கொரு அறையா என்று புருவத்தைத் தூக்காதீர்கள். சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை. அச்சகத்தில் அவருக்கு எப்போதும் ராத்திரி ஷிப்ட். விடிந்து வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். அவள் நடமாடுகிற நேரம் முழுக்க அவர் தூங்குகிற நேரம். அதனால் பெரிய அறையில் கறுப்புத் திரையைப் போட்டு அவர் தூங்கினார், சின்ன அறையில் அவள் இருந்தாள். பாத்திரத்தை மேடையில் வைக்கும்போது அடியில் துணி விரித்து வைப்பாள். மிக்ஸியைப் பால்கனிக்குக் கொண்டுபோய்ப் போடுவாள். மகளுக்குப் பேச வருவதற்கு முன்னாலேயே குசுகுசுவென்று பேச வந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் கேலி பண்ணுவார்கள்.

அவர் ரிட்டயர் ஆன பிறகும் ஏற்பாடு அப்படியே இருந்தது. மாற்றலாமா என்று அவரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

அப்புறம் மகளுக்குக் குழந்தை பிறந்தது, மனைவி மகள் ஊருக்குப் போனாள். குழந்தைக்குத் தலை நிற்கட்டும், வந்துவிடுகிறேன் என்றாள். தலை நின்றது. தவழட்டும் என்றாள், தவழ்ந்தது. இப்போது அது ஓடிப்போய்ச் செருப்பை எடுத்துக் குப்பைக்கூடையில் போடுகிறது. இவள்தான் வந்தபாடில்லை. மகளும் மருமகனும் நடத்துகிற சலவைக் கடையில் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடம் துணி வாங்கி வைக்கிறாளாம்.

அச்சுக்காரர் சின்ன அறையின் வாசலில் நின்றார். ஒருத்தர் படுக்கிற கட்டில். மேலே சுருக்கமில்லாத விரிப்பு. வாராவாரம் அதை எடுத்துத் துவைத்துப் போட்டு வேறு விரிப்பது இவர்தான். யாரும் படுக்காத விரிப்பை எதற்கு ஐயா துவைக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. வீட்டில் அவருக்கு இருக்கிற ஒரே ஜோலி அது.

குனிந்து, குந்தி, முனகி, அளந்து முடித்தார். மடக்கி நிமிர்த்தி வைக்கிற மெஷின் என்றால் மூலையில் நிற்கும். போடும்போது கதவைத் திறந்து வைத்துக்கொண்டால் அதன் வால் ஹாலுக்கு நீண்டுவிடும். பின்னால் உதைத்தால் ஹால், திரும்ப வந்தால் அவள் அறை. கட்டிலை ஒரு விரல்கூட நகர்த்த வேண்டாம். கணக்குச் சரியாக வந்ததில் தனக்குத்தானே தலையை ஆட்டிக்கொண்டார். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு டேப்பைச் சுருட்டினார்.

மச்சான் கீழே ஹாரன் அடித்தான்.

இந்த மச்சான், அவர் மனைவியின் தம்பி. டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறான். அந்தக் காரில் பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் உண்டு. மாமாவை ஏற்றிக்கொள்ளும்போதெல்லாம் காலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லுவான். போன தடவை அவர் முட்டியை நீட்டுகிறேன் என்று நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டார், பின்னால் வந்தவன் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் போனான்.

வாயாடி மச்சான் இன்றைக்கு உம்மென்று ஓட்டினான். அச்சுக்காரர்தான் பேசினார். மடக்குகிற வகை, திறந்த கதவு, ஹாலுக்கு நீள்கிற வால் எல்லாவற்றையும் விளக்கினார். மச்சான் எதிரே பார்த்தபடி, மடக்குகிறதெல்லாம் ஆட்டம் கொடுக்கும் மாமா, நல்லதாகப் பெரிசாகப் பாருங்கள் என்று மட்டும் சொன்னான்.

விளையாட்டுச் சாமான் கடை ஒரு கோடவுன் மாதிரி பெரிசு. பச்சை டி-ஷர்ட் போட்ட பெண் ஒருத்தி வந்து, மெஷின்கள் வரிசையாக நிற்கிற பக்கம் கூட்டிப்போனாள். நல்ல பெண், அவசரப்படுத்தவில்லை. முட்டியைப் பற்றிக் கேட்டாள், உயரத்தைக் கேட்டாள். சீட் ரொம்பத் தாழ்ந்திருந்தால் எழுந்திருக்கக் கஷ்டப்படுவீர்கள் என்று உயரமானதாகப் பார்த்துக் காட்டினாள்.

முதலில் தண்ணீர்த் தொட்டி வைத்தது. இழுத்தால் உள்ளே தண்ணீர் சளக் சளக்கென்று அடிக்கிறது. அச்சுக்காரர் நாலு இழுப்பு இழுத்துவிட்டு, இது வேண்டாம்மா, எனக்கு ஒண்ணுக்கு வருது என்று இறங்கிவிட்டார்.

அடுத்தது காற்றாடி வைத்தது. நீளமானது, மடங்காது. வேண்டுமானால் நடுவில் கழற்றி இரண்டாகப் பிரிக்கலாம். முட்டி வலிக்காரர் தினம் தினம் பிரித்து மாட்டுகிற கதை இல்லை என்று அந்தப் பெண்ணே சொன்னாள். ஏறி உட்கார்ந்தார். கையை முதலில் இழுக்காதீங்க சார், முதலில் கால், அப்புறம் முதுகு, கடைசியில்தான் கை என்று சொல்லிக் கொடுத்தாள். இரண்டு தடவை தப்பாகப் போனது. மூன்றாவது தடவை பிடிபட்டுவிட்டது. காற்றாடி ஹோவென்று இரைந்தது. ஓடுகிற மெஷினின் சத்தத்தை வைத்தே அதன் உடம்பைச் சொல்லுகிற காது அவருக்கு. கண்ணை மூடிக்கொண்டு இழுத்துக்கொண்டே இருந்தார். கால் முழுசாக நீண்டது, முட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பக்கம் பந்து வாங்க வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

நிறுத்தியபோது முகம் சிவந்து, வேர்த்து, சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் எழுதிப் பல வாரம் ஆகிறது.

மச்சான் அந்த நிமிஷத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். இதுதான் மாமா, இதையே எடுத்துவிடலாம், பில் போடச் சொல்லட்டுமா என்று பறந்தான்.

அச்சுக்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். மடக்குகிறதைக் காட்டும்மா என்றார்.

அது காந்தத்தில் ஓடுகிறது. மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கிடையாது. மடக்கி நிமிர்த்தினால் ஒரு மூலையில் அடக்கமாக நின்றுகொள்கிறது. ஆனால் சீட் ஓடுகிற தண்டவாளம் அவர் காலுக்குக் குட்டை. நீட்டி உதைத்தால் பாதியிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறது. உங்க முட்டிக்கு முழுசா நீட்டணும் சார், இது சரிவராது என்று அந்தப் பெண் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். இவர் அளவுக்கு மடங்குகிற வகையில் நீளமானது கடையில் இல்லை.

"பரவாயில்லை, இதையே போடும்மா" என்றார்.

பெண் மச்சானைப் பார்த்தாள். மச்சானுக்கு முகம் விழுந்துவிட்டது. மாமா, காலுக்காகத்தானே வாங்குகிறோம், காலுக்கு ஆகாததை வாங்கி என்ன பண்ண என்று கெஞ்சாத குறை. அச்சுக்காரர் ஒரே பிடியாக நின்றார். பெரிசைப் போட்டால் கட்டிலை எங்கே போடுவது என்றார். கழற்றிச் சுவரோரம் சாத்திவிடலாமே என்றான் மச்சான். அவ வந்தா எங்க படுப்பா என்று இவர் கேட்டார்.

"அது மட்டும் இல்லடா" என்றார் அச்சுக்காரர், குரலைத் தாழ்த்தி. "அந்தக் காத்தாடி என்ன இரைச்சல் போடுது பார்த்தியா? உங்கக்கா மத்தியானம் கொஞ்சம் கண் அசர்றவ. இத்தனை வருஷம் என் தூக்கத்துக்காக அவ சத்தம் காட்டாம இருந்தா. இனிமே நான் அப்படி இருக்கேன்."

மச்சான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். பக்கத்து அலமாரியிலிருந்து ஒரு பந்தை எடுத்தான். உருட்டிப் பார்த்தான். என்ன தையல் மாமா, என்ன பிடிமானம், இந்த மாதிரிப் பந்தெல்லாம் இப்போது வருவதே இல்லை என்று அதைப் புகழ ஆரம்பித்தான்.

அச்சுக்காரர் பில் பேச்சை விட்டுவிட்டு அந்தப் பந்தையே பார்த்தார்.

ஏன் என்று சொல்கிறேன். அவர் மாமனார் வீட்டில் ஒரு பழக்கம். கெட்ட சேதியை அதற்குச் சொந்தக்காரர் சொல்லமாட்டார், இன்னொருத்தர் தலையில் கட்டி அனுப்புவார்கள். வந்தவரும் நேராகச் சொல்லமாட்டார். கண்ணில் பட்ட ஏதாவது ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு புகழ்வார், கேட்கிறவராகப் புரிந்துகொள்ள வேண்டும். மாமனாரின் கடிகாரக் கடையை இழுத்து மூடினபோது இதே மச்சான்தான் வந்தான், மீசை அரும்பின வயசு. மத்தியானம் முழுக்க இவர் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் புகழ்ந்தான். தூக்கக் கலக்கத்தில் இவர், வேணும்னா எடுத்துட்டுப் போடா என்று சொல்லிவிட்டார். அவனும் வேறு வழி தெரியாமல் கழற்றிக்கொண்டு போய்விட்டான். கடை மூடின விஷயம் இவருக்கு ஊரெல்லாம் தெரிந்த பிறகுதான் தெரிந்தது. சிரிக்காதீர்கள், அந்தக் குடும்பத்தில் இது அன்பு.

"பந்தை வை" என்றார். "என்ன சேதி கொண்டு வந்திருக்க?"

மச்சான் பந்தை வைத்தான். மென்று முழுங்கினான். கடைப் பெண் புரிந்துகொண்டு இரண்டு எட்டுத் தள்ளிப் போய் எதையோ அடுக்குகிற மாதிரி நின்றாள்.

"அக்கா வரலை மாமா."

"இந்த மாசமா?"

"இனிமே வரலை. அங்கேயே இருந்துக்கிறேன்னு சொல்லிட்டா. குழந்தை நடக்க ஆரம்பிச்சப்பவே சொல்லிட்டா. நீயே பக்குவமா மாமாகிட்ட சொல்லிடுன்னா. நானும் எத்தனையோ தடவை வந்தேன், வாய் வரலை. இன்னைக்குப் பெரிய மெஷினா வாங்க வெச்சுட்டா கட்டிலைக் கழட்டித்தானே ஆகணும், அப்ப சொல்லிடலாம்னு..."

அப்படிப் போட்டிருக்கிறான் திட்டம். அக்கா இல்லாத இடத்தில் ஒரு மெஷினை நிரப்பிவிட்டால் சேதி தானாக இறங்கிவிடும் என்று. எனக்கு அவனை நாலு அறை விடவேண்டும் போலிருக்கிறது. ஆனால் அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

அச்சுக்காரர் கோபப்படவில்லை. கோபம் வந்திருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். பக்கத்தில் இருந்த குட்டை மெஷினில் அப்படியே உட்கார்ந்தார். சீட் பின்னால் நழுவியது. இரண்டு காலையும் தரையில் ஊன்றி நிறுத்திக்கொண்டார். அவருக்குத் தோன்றிய முதல் நினைப்பு, இந்த வாரம் விரிப்பைத் துவைப்பதா வேண்டாமா என்பதுதான். அதற்கப்புறம்தான் மற்றது எல்லாம் மேலே வந்து விழுந்தது. வீடு, அதில் அவர் ஒருத்தர், ராத்திரி, பகல், மறுபடி ராத்திரி.

நான் போய் வெளியே நிற்கிறேன் என்று மச்சான் நகர்ந்தான். இரு என்று கையால் சொல்லிவிட்டு அச்சுக்காரர் போனை எடுத்தார்.

அவர்கள் தினமும் பேசிக்கொள்கிறவர்கள்தான். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், மாத்திரை போட்டீங்களா, போட்டேன், சரி வைக்கட்டுமா, அவ்வளவுதான் பேச்சு. இன்றைக்கு அவள் சாப்பிட்டீங்களா என்று ஆரம்பிப்பதற்குள், மச்சான் சொல்லிட்டான் என்றார்.

அந்தப் பக்கம் சலவை மெஷின்கள் ஓடுகிற இரைச்சல். யாரிடமோ கவுண்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் கொஞ்சம் நகர்ந்து வந்தது கேட்டது.

"நானே சொல்லியிருக்கணும். தப்புதான்" என்றாள்.

"என் மேல கோபமா?"

"இல்லைங்க. கோபப்படற அளவுக்கு நாம எங்க சேர்ந்து இருந்தோம்?"

அவள் இதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் அவருக்கு அதிகம் வலித்தது.

"இங்க நான் சத்தமா சிரிக்கிறேங்க. முதல் தடவை அப்படிச் சிரிச்சப்ப யாருடா அதுன்னு நானே திரும்பிப் பார்த்தேன். கடைக்கு வர்றவங்க என்னைக் கேட்டு வர்றாங்க. மெஷின் இரைச்சல்ல கத்தித்தான் பேசணும், நானும் கத்தறேன். அந்த வீட்டுக்கு வந்தா மறுபடியும் மெதுவா நடக்க ஆரம்பிச்சுடுவேனோன்னு பயமா இருக்கு."

"இப்பத்தான் நான் பகல்ல தூங்கறதில்லையே."

"அது எனக்குத் தெரியும்" என்றாள். "என் காலுக்குத் தெரியலைங்க."

அச்சுக்காரர் எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எப்படி நடப்பாள் என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார், வரவில்லை. வீட்டுக்குள் அவள் நடக்கிற சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. கேட்காமல் இருப்பதற்காகத்தானே அவள் அப்படி நடந்தாள். இதை இன்றைக்கு ஒரு கடை நடுவில் உட்கார்ந்துகொண்டு தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது பாருங்கள்.

நீ வரவே மாட்டியா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தார். வேறு ஒன்று வந்தது.

"அப்ப நான் அங்க வரட்டுமா?"

மச்சான் நிமிர்ந்து பார்த்தான். இந்த மனுஷர் ஒரு கல்யாணத்துக்குக்கூட வெளியூரில் தங்கினதில்லை.

போனில் சலவை மெஷின் ஒன்று சுற்றி முடித்து நின்றது. இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது. வாங்க என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எதுக்கு என்றும் கேட்கவில்லை.

"யோசிச்சுச் சொல்றேங்க" என்றாள்.

சரி என்றார். மாத்திரை போட்டாச்சு என்றும் அவராகவே சொன்னார். போன் கட்டாயிற்று.

கடைப் பெண் மெதுவாகப் பக்கத்தில் வந்தாள். காற்றாடி வைத்ததா, மடக்குகிறதா, எதற்கு பில் போடட்டும் சார் என்று கேட்டாள்.

"இப்ப வேண்டாம்மா. வீட்ல யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்காங்க."

ஒரு நாளைக்கு எத்தனை பேர் வாயிலிருந்து அவள் இதைக் கேட்டிருப்பாள். அப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அநேகமாகத் திரும்பி வருவதில்லை என்பது கடையில் நிற்கிற யாருக்கும் தெரிந்த விஷயம். அவள் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. பரவாயில்லை சார், அவங்க சொன்னதும் வாங்க என்று சிரித்துவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போனாள்.

மச்சான் கார் சாவியை எடுத்துக்கொண்டு, எழுந்திருக்க ஒரு கை கொடுத்தான். அச்சுக்காரர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார், ஆனால் எழுந்திருக்கவில்லை.

"கொஞ்ச நேரம் இங்கேயே இருப்போமாடா" என்றார். "கார்ல போறப்ப கூப்பிட்டா சரியா கேக்காது. இப்பவே கூப்பிட்டாலும் கூப்பிடுவா."